இல்லத் திரையரங்குக்கு ஏற்ற றிசீவர்

சுவரிலே மாட்டப்படும் தொலைக்காட்சித் திரை ஆண்டுக்கு ஆண்டு அகன்று வருகின்றது. அதன் தடிப்போ குறைந்து வருகின்றது. தடிப்புக் குறையக் குறைய அதனுள் அமைக்கக்கூடிய ஒலிபெருக்கியும் சிறுத்துப் போகின்றது. ஆகவே, படம் தெளிவாகத் தெரியும். பாத்திரங்கள் பேசுவதோ தெளிவாகக் கேளாது. இக்குறையை முதலில் உணர்பவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள முதியவரே. அவர் ஒலியைக் கூட்டச் சொல்லுவார். கூட்டினால் வெடியோசையும் வாத்திய முழக்கமும் வீட்டையே அதிரச் செய்யும்; உரையாடல் மட்டும் முன்போலவே மங்கிக் கிடக்கும். இதற்குப் பரிகாரம் தேடிப் புறப்படும் குடும்பமே ஈற்றில் 'ஹோம் தியேட்டர்' சாதனங்கள் விற்கும் கடை வாயிலில் வந்து நிற்கின்றது.

அங்கே றிசீவர் என்னும் கருவிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின் பெட்டியில் 1000 வாற்று என்றும், மற்றொன்றில் 7 தடம் என்றும், வேறொன்றில் 8கே என்றும் எண்கள் மின்னுகின்றன. விலையோ ஒரு குடும்பம் பல மாதங்கள் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம். இந்நிலையில், பெரிய எண் கொண்ட பெட்டியே நல்ல பெட்டி என்று கருதிவிடுதல் எளிது. ஆனால், எந்த எண் எந்த நிபந்தனையின் கீழ் அளக்கப்பட்டது என்று அறியாமல் இரண்டு எண்களை ஒப்பிடுதல், ஒருவர் முழத்தாலும் மற்றவர் சாணாலும் அளந்த துணிகளை எண்ணிக்கை ஒன்றையே கொண்டு ஒப்பிடுவதை ஒக்கும்.

றிசீவர் என்பது யாது? வானலையை ஏற்கும் கருவி என்ற பொருளில் வானொலிப் பெட்டிக்கு வழங்கிய பெயர் அது. இன்றும் இக்கருவிகள் பெரும்பாலானவற்றில் வானொலி ஏற்கும் பகுதி இருக்கின்றது. எனினும், அதன் தலையாய தொழில்கள் வேறு மூன்றாகும். முதலாவது, தொலைக்காட்சி, தட்டு இயக்கி, விளையாட்டுக் கருவி ஆகியவற்றிலிருந்து வரும் ஒலி ஒளிச் சைகைகளை ஓரிடத்தில் ஏற்றுத் தேர்ந்தனுப்புதல். இரண்டாவது, திரைப்படத்தின் ஒலியைத் தடம் தடமாகப் பிரித்தல். மூன்றாவது, பிரித்த ஒலியை ஒலிபெருக்கிகளை இயக்குமளவுக்கு வலுப்படுத்தல். மூன்றாவது தொழிலைப் புரியும் உறுப்பைப் பாடநூல்கள் விரியலாக்கி என்கின்றன. வழக்கில் அது அம்பிளிபயர்.

பெட்டிகளை ஒப்பிடுமுன் வீட்டை ஒப்பிட வேண்டும். அறையின் நீள அகலம் என்ன? அமரும் இடத்துக்கும் ஒலிபெருக்கிகளுக்கும் இடையேயுள்ள தூரம் என்ன? ஒலிபெருக்கிகள் ஏற்கெனவே உள்ளனவா, புதிதாக வாங்கவேண்டுமா? வீட்டிற் பயன்படுவது தொலைக்காட்சி மட்டுமா, வேறு கருவிகளும் உளவா? இந்த வினாக்களுக்கு ஒரு தாளில் விடை எழுதிக்கொண்டு கடைக்குச் செல்பவர் பாதி வேலையை முடித்தவராவார். அறை மிகச் சிறிதாயின், தேவையும் தொலைக்காட்சி உரையாடல் தெளிவுபடுதல் ஒன்றேயாயின், திரைக்குக் கீழே வைக்கும் நீண்ட ஒலிபெருக்கியாகிய சவுண்ட்பார் ஒன்றே போதுமானதாகவும் இருக்கலாம். வேண்டாததை வாங்காமல் விடுதலும் ஒப்பீட்டின் பயனேயாகும்.

இனி, வாங்குவோரை அதிகம் மயக்கும் வாற்றுக் கணக்கை நோக்குவோம். இம்மயக்கம் புதியதன்று. அமெரிக்காவில் வீட்டு ஒலிக்கருவிகள் பெருகிய காலத்தில், உற்பத்தியாளர் பலர் ஒரு கணநேரம் மட்டுமே எழக்கூடிய உச்ச வலுவை எடுத்து, அதனையே கருவியின் வலுவாக விளம்பரம் செய்தனர். ஒவ்வொருவரும் தமக்கு உகந்த முறையில் அளந்தமையால் எண்கள் ஏறினவேயன்றி ஒலி ஏறவில்லை. அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு 1974ஆம் ஆண்டில் இதற்கென விதி ஒன்றை வகுத்தது. தொடர்ச்சியாகத் தரக்கூடிய வலு எவ்வளவு, எத்தனை ஓம் தடைக்கு அது அளக்கப்பட்டது, எந்தச் சுருதி எல்லைக்குள் அளக்கப்பட்டது, அப்போது ஒலியில் ஏற்பட்ட திரிபு எவ்வளவு என்பனவற்றை வெளியிட வேண்டும் என்று அவ்விதி கட்டளையிட்டது. 2024ஆம் ஆண்டில் அவ்விதி திருத்தப்பட்டு, யாவரும் ஒரே நிபந்தனையில் அளக்கவேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. 8 ஓம் தடை, செக்கனுக்கு 20 முதல் 20,000 வரையான அதிர்வுகள், வரையறுத்த எல்லைக்குக் குறைந்த திரிபு என்பன அந்நிபந்தனைகள். ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் அதே விதியைத் திருத்தி இறுக்க வேண்டியிருந்தது என்பதொன்றே, பெட்டியின் மேலுள்ள எண்ணை எத்துணை விழிப்புடன் படிக்கவேண்டும் என்பதைக் காட்டும்.

அவ்விதி அமெரிக்க விற்பனையைக் கட்டுப்படுத்துமேயன்றிப் பிற நாட்டுச் சந்தைகளைக் கட்டுப்படுத்தாது. எனவே, பிற நாடுகளில் விற்கப்படும் பெட்டிகளில் பல்வேறு முறையில் அளந்த எண்கள் கலந்து வருகின்றன. எடுத்துக்காட்டாக ஒரு றிசீவரைக் கொள்வோம். இரண்டு தடங்களை மட்டும் இயக்கி, 8 ஓம் தடையில், கேட்கக்கூடிய சுருதிகள் அனைத்துக்கும், மிகக் குறைந்த திரிபுடன் அளந்தால் அது தடம் ஒன்றுக்கு 80 வாற்றுத் தரலாம். அதே கருவியை 6 ஓம் தடையில், செக்கனுக்கு 1000 அதிர்வுகள் கொண்ட ஒரேயொரு சுருதிக்கு அளந்தால் 120 வாற்று என்று எழுதலாம். ஒரு தடத்தை மட்டும் இயக்கி, 10 வீதத் திரிபையும் பொறுத்துக்கொண்டு அளந்தால் 160 வாற்று என்றும் எழுதலாம். பின்னர் அதனை ஏழு தடங்களாற் பெருக்கினால் 1120 என்ற எண் பிறக்கின்றது. கருவி ஒன்றே, கணக்கு மட்டும் நான்கு. பத்து வீதத் திரிபு என்பது இசையின் இனிமையைக் குலைக்கும் அளவாகும் என்பதையும் மனங்கொள்ள வேண்டும்.

ஆகவே, இரு கருவிகளை ஒப்பிடுபவர் பெட்டியின் முகப்பை விடுத்துக் கைநூலின் இறுதிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். அங்கே எத்தனை தடங்கள் இயங்கின, எத்தனை ஓம், எந்தச் சுருதி எல்லை, எவ்வளவு திரிபு என்ற நான்கு விவரங்களும் ஒத்திருக்கும் வரிகளைத் தேடி, அவ்வரிகளிலுள்ள எண்களை மட்டும் ஒப்பிடவேண்டும். இந்நான்கும் கூறப்படாத எண் ஒப்பீட்டுக்கு உதவாது. ஏழு தடங்களும் ஒருசேர முழு வலுவுடன் இயங்கும்போது ஒவ்வொரு தடத்துக்கும் கிடைக்கும் வலு, இரு தடங்களுக்கு அளந்ததிலும் குறைந்துவிடும். அனைத்துக்கும் மின்னூட்டும் பகுதி ஒன்றே ஆதலின் இது இயல்பு. எனினும், திரைப்படங்களில் எல்லாத் தடங்களும் ஒரே கணத்தில் முழு வலுவைக் கேட்பது அரிது என்பதால் இது பெருங் குறையாகாது.

அடுத்து, எண்ணின் வேறுபாடு செவிக்கு எவ்வளவாகத் தோன்றும் என்பதை ஆராய வேண்டும். ஒலியின் அளவு தெசிபெல் என்னும் அலகினாற் குறிக்கப்படுகின்றது. மின்வலு இருமடங்கானால் ஒலி 3 தெசிபெல் மட்டுமே உயரும். வலு பத்து மடங்கானால் 10 தெசிபெல் உயரும். அப்போதுதான் செவிக்கு ஒலி ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றும். இக்கணக்கின்படி 80 வாற்றுக் கருவிக்கும் 100 வாற்றுக் கருவிக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1 தெசிபெல்லே. கூர்ந்து கேட்டாலன்றி அது புலப்படாது. அந்த இருபது வாற்றுக்காகப் பெருந்தொகை கூடுதலாகக் கொடுத்தல் தக்கதன்று.

அதே 3 தெசிபெல்லை வேறொரு வழியாலும் பெறலாம். ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் உணர்திறன் என்றோர் அளவு உண்டு. 1 வாற்று வலுவைக் கொடுத்து 1 மீற்றர் தூரத்தில் அளக்கும்போது எத்தனை தெசிபெல் ஒலி எழுகின்றது என்பதே அது. 87 தெசிபெல் ஒலிபெருக்கிக்குப் பதிலாக 90 தெசிபெல் ஒலிபெருக்கியைத் தெரிந்தால், றிசீவரின் வலுவை இருமடங்காக்கிய பயன் கிட்டும். 87 தெசிபெல் உணர்திறனுடைய ஒலிபெருக்கியும் 1 வாற்றிலேயே உரத்த பேச்சினும் மிகுந்த ஒலியை எழுப்பும். சாதாரண அறையில் பெரும்பாலான நேரம் கருவி ஒன்றிரண்டு வாற்றுகளையே செலவிடுகின்றது. மிகுந்த வலு வெடியோசை, முரசொலி போன்ற திடீர் உச்சங்களுக்கே தேவைப்படுகின்றது. ஆகையால், கையிலுள்ள தொகையிற் பெரும் பங்கை ஒலிபெருக்கிகளுக்கு ஒதுக்குதலே அறிவுடைமை. ஒலியின் தன்மையை அதிகம் மாற்றுவன ஒலிபெருக்கியும் அறையுமே.

ஒலிபெருக்கி மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை ஓம் என்னும் அலகினாற் கூறப்படும். தடை குறையும்போது அது கேட்கும் மின்னோட்டம் கூடும். 4 ஓம் ஒலிபெருக்கியை, 6 ஓம் வரையே ஏற்கும் றிசீவரில் இணைத்து உரக்க இயக்கினால், கருவி சூடேறித் தானே நின்றுவிடலாம். றிசீவரின் பின்புறத்தில் ஒலிபெருக்கி இணைக்கும் இடத்தருகே அது ஏற்கும் தடையளவு அச்சிடப்பட்டிருக்கும். அதனைக் கட்டாயம் படித்துப் பார்த்தல் வேண்டும்.

5.1, 7.1 போன்ற எண்கள் தடங்களைக் குறிப்பன. 5.1 என்பதில் முன்புறம் இடம், வலம், நடு என மூன்றும், பக்கவாட்டிற் சற்றுப் பின்னாக இரண்டும் ஆக ஐந்து ஒலிபெருக்கிகள். புள்ளிக்குப் பின்னுள்ள 1 ஆழ்ந்த ஓசைக்குரிய சப்வூபர் ஆகும். அது பொதுவாகத் தனக்கென விரியலாக்கி உடையது. ஆழ்ந்த ஓசையை அதற்கே விட்டுவிடுவதால் றிசீவரின் சுமையும் குறைகின்றது. செக்கனுக்கு 80 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்ட ஓசையைச் சப்வூபருக்கு அனுப்புதல் பரவலான வழக்கம். 5.1.2 என மூன்று எண்கள் வருமாயின், ஈற்றிலுள்ளது தலைக்கு மேலிருந்து ஒலி தரும் ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கை. திரையரங்குகளில் 2012ஆம் ஆண்டில் அறிமுகமான டொல்பி அட்மொஸ் என்னும் முறை, 2014ஆம் ஆண்டில் வீட்டு றிசீவர்களுக்கு வந்தபோது இவ்வகை எண் வழக்கில் நிலைபெற்றது. வைப்பதற்கு இடமில்லாத வீட்டில் ஒன்பது தடங்களுக்கு விலை கொடுத்தல் வீண். மூலைகளில் நெருக்கி வைத்த ஏழு ஒலிபெருக்கிகளிலும், உரிய இடத்தில் நின்ற ஐந்து நன்றாக ஒலிக்கும்.

இவ்விடத்தில் அந்த முதியவரின் குறைக்குத் திரும்புவோம். திரைப்பட ஒலிக்கலவையில் உரையாடலின் பெரும்பகுதி நடுத் தடத்திலேயே பதிவாகின்றது. மெல்லிய தொலைக்காட்சியில் எல்லாத் தடங்களும் ஒன்றாய்க் கலந்து இரு சிறு துளைகளால் வெளிப்படுவதால், வெடியோசைக்குள் சொல் அமிழ்ந்துவிடுகின்றது. மேலும், முதுமையில் முதலிற் குன்றுவது மிகு சுருதிகளைக் கேட்கும் ஆற்றல். ச, ஸ, ஃப போன்ற ஒலிகளின் அடையாளம் அம்மிகு சுருதிகளிலேயே தங்கியிருப்பதால், குரல் கேட்கும், சொல் விளங்காது. றிசீவர் ஒன்று நடுத் தடத்தைத் தனி ஒலிபெருக்கிக்கு அனுப்புகின்றது. அத்தடத்தை மட்டும் சில தெசிபெல் உயர்த்தும் வசதியையும், உரத்த ஓசைகளை அடக்கி மெல்லிய ஓசைகளை உயர்த்தும் இரவுநேர வசதியையும் தருகின்றது. இவை பெரும்பாலும் குறைந்த விலைக் கருவிகளிலும் இருக்கின்றன. ஆகவே, இக்குடும்பத்துக்கு 1000 வாற்று என்ற எண்ணிலும், தரமான நடு ஒலிபெருக்கி ஒன்றும், நடுத் தடத்தை எளிதில் உயர்த்தும் பொத்தானுமே பெரும் பயன் தருவன. கடையில் அந்த வசதியைத் தேடி, இயக்கிக் காட்டச் சொல்லிக் கேட்டல் வேண்டும்.

காட்சிச் சைகைகளுக்குரிய தொடுப்புகள் அடுத்த பொருள். எச்.டி.எம்.ஐ. என்னும் தொடுப்பு 2002ஆம் ஆண்டின் இறுதியில் வெளியானது. 2017ஆம் ஆண்டில் அதன் 2.1 எனும் பதிப்பு வந்தது. ஒப்பிடும்போது மூன்றை நோக்கினாற் போதும். குதைகள் எத்தனை என்பது ஒன்று. இன்று உள்ள கருவிகளுக்கு மேலாக ஒன்றிரண்டு மிச்சம் இருத்தல் நன்று. தொலைக்காட்சியின் ஒலியை அதே வடத்தினூடாகத் திருப்பி அனுப்பும் ஈ-ஆர்க் வசதி உண்டா என்பது மற்றொன்று. அது தொலைக்காட்சியிலும் றிசீவரிலும் ஒருங்கே இருந்தாலே முழுப்பயன் கிட்டும். ஒளியிழை வடம் குறையாத்தரப் பல்தட ஒலியைக் கொண்டு செல்லாது என்பதால் இது முக்கியம். வேகமான விளையாட்டுக் காட்சிகளுக்கு வேண்டிய வசதி எந்தக் குதையில் உண்டு என்பது மூன்றாவது. சில கருவிகளில் அது எல்லாக் குதைகளிலும் இராது.

புதிய பதிப்பு என்ற முத்திரை ஒன்றே உறுதியாகாது என்பதற்கு அண்மைக் காலச் சான்றும் உண்டு. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த 2.1 பதிப்பு றிசீவர்கள் சிலவற்றின் மின்சில்லில் இருந்த பிழையால், புதிய விளையாட்டுக் கருவியொன்றின் உயர்தரக் காட்சி திரையில் தோன்றாது போயிற்று. எனவே, வீட்டிலுள்ள கருவியையும் வாங்கவிருக்கும் றிசீவரையும் இணைத்துப் பார்க்க இயலுமாயின் அவ்வாறு செய்தலே நன்று. இயலாதாயின், பொருந்தாதபோது மாற்றித் தருவதாகக் கடையிடம் எழுத்தில் உறுதி பெறுதல் வேண்டும்.

அறையின் குறையை ஓரளவு திருத்தும் வசதியும் ஒப்பிடத் தக்கது. றிசீவருடன் வரும் சிறு ஒலிவாங்கியை அமரும் இடத்தில் வைத்தால், கருவி ஒவ்வோர் ஒலிபெருக்கியிலும் சோதனை ஒலி எழுப்பி, தூரம், உரப்பு, சுருதிச் சீர் ஆகியவற்றை அளந்து தானே சரிசெய்து கொள்ளும். ஓடிசி, டிராக் எனப் பல பெயர்களில் இவ்வசதி வழங்குகின்றது. விலை குறைந்தவற்றில் ஓரிடத்தில் மட்டும் அளப்பனவும், விலை கூடியவற்றிற் பல இடங்களில் அளந்து சப்வூபரையும் நுணுக்கமாகத் திருத்துவனவும் உண்டு. சீமெந்துத் தரையும் வெறுஞ் சுவரும் கொண்ட அறைகளில் எதிரொலி மிகும். அங்கே ஒரு பாயும் தடித்த யன்னற்சீலையும் செய்யும் நன்மையை எந்தக் கருவியும் முற்றாகச் செய்துவிடாது. அவற்றின் விலை சொற்பம்.

கடையிற் கேட்டு ஒப்பிடும்போது ஒரு கண்ணியை அறிந்திருத்தல் வேண்டும். இரு கருவிகளில் எது சற்று உரக்க ஒலிக்கின்றதோ அதுவே சிறந்ததெனச் செவி தீர்ப்பளித்துவிடும். ஒலி மெலிந்திருக்கும்போது ஆழ்ந்த ஓசைகளைச் செவி குறைவாக உணரும் என்பதை பிளெச்சர், மன்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1933ஆம் ஆண்டிலேயே அளந்து வெளியிட்டனர். ஆதலால், ஒரு தெசிபெல் உரப்பு வேறுபாடும் தரத்தின் வேறுபாடாகத் தோற்றமளிக்கும். ஒலியளவு மானியொன்றினால், அன்றிக் கைத்தொலைபேசியிலுள்ள செயலியினாலாவது, இரு கருவிகளின் உரப்பையும் சமப்படுத்தி, ஒரே ஒலிபெருக்கியில், பழகிய ஒரே பாடலையும் பழகிய ஒரே உரையாடற் காட்சியையும் கேட்டல் வேண்டும். எது எந்தக் கருவியென்று தெரியாதவாறு மற்றொருவர் மாற்றிக் கொடுப்பாராயின் தீர்ப்பு இன்னும் நேர்மையாகும். அவ்வாறு கேட்டும் வேறுபாடு புலப்படவில்லையாயின், விலை குறைந்ததை மனநிறைவோடு வாங்கலாம்.

இலங்கையில் வாங்குவோர் கருதவேண்டியவை சிலவும் உள. இங்கு வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கப்படும் கருவிகள் பொதுவாக 120 வோல்ற்றுக்கும், யப்பானில் விற்கப்படுபவை 100 வோல்ற்றுக்கும் அமைந்தவை. வெளிநாட்டு உறவினர் அன்போடு அனுப்பும் றிசீவரை நேரே குதையிற் செருகினால் அது அக்கணமே பழுதாகலாம். போதிய வலுவுள்ள மின்மாற்றி அதற்கு இன்றியமையாதது. அதன் விலையையும் கணக்கிற் சேர்த்தே மலிவா அன்றா எனத் தீர்மானித்தல் வேண்டும். உள்ளூரில் உத்தரவாதமும் பழுதுபார்க்கும் நிலையமும் உள்ள கருவி, சற்று விலை கூடினாலும் பல ஆண்டுகளில் மலிவாகிவிடும். வெப்ப நாட்டில் றிசீவரை மூடிய அலுமாரிக்குள் வைத்தலும் அதன்மேல் துணி விரித்தலும் ஆகா. மேற்புறத்திற் காற்றோட்டம் வேண்டும். பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் இடிமின்னல் மிகும்போது மின்செருகியை மட்டுமன்றி, அன்ரெனா வடத்தையும் பிற கருவிகளோடு இணைக்கும் வடங்களையும் கழற்றி வைத்தல் வேண்டும். மின்னலின் தாக்கம் அவ்வழியாகவும் நுழையும்.

இவ்வளவும் கூறியதன் சாரம் இதுதான். முதலில் அறையையும் தேவையையும் தீர்மானித்தல். அடுத்து ஒலிபெருக்கிகளைத் தெரிதல். அவற்றுக்கு ஏற்ற வலு, தடையளவு, தொடுப்புகள் உள்ள றிசீவர்களில் இரண்டு மூன்றை எடுத்து ஒரே நிபந்தனையில் அளந்த எண்களை ஒப்பிடுதல். உரப்பைச் சமப்படுத்திக் கேட்டல். ஈற்றில் விலையையும் உத்தரவாதத்தையும் நோக்குதல். இவ்வரிசையைத் தலைகீழாக்கி, விலையிலும் வாற்றிலும் தொடங்குபவர் பெரும்பாலும் வேண்டாததை வாங்கி வேண்டியதை இழக்கின்றார்.

கருவி வீட்டுக்கு வந்து, வடங்கள் பூட்டப்பட்டு, ஒலிவாங்கியால் அறை அளக்கப்பட்ட பின்னர் செய்யவேண்டிய சோதனை ஒன்றே. அயலவர் வீட்டுச் சுவர் அதிர்கின்றதா என்று பார்க்க வேண்டியதில்லை. அறையின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் முதியவர், ஒலியைக் கூட்டும்படி கேளாமலும், அவர் என்ன சொன்னார் என்று அருகிலிருப்பவரை வினவாமலும் கதையைத் தொடர்ந்து செல்கின்றாரா என்று பார்த்தாற் போதும். தொடர்கின்றாராயின், அக்குடும்பம் தன் பணத்தை நன்றாகவே செலவிட்டிருக்கின்றது.